வாங்கிக்கொண்ட பேச்சு

கிழக்குத் தாம்பரத்தில் தீர்ந்துபோன சண்டைகளெல்லாம் தனசிங் சார் வாய்க்குள் போய்த் தங்கின. அறுபத்து நான்காம் வருஷம் தொடங்கியது அது. பூகோள வாத்தியாரான அவர், எந்த வீட்டில் தகராறு என்றாலும் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போவார். இரண்டு தரப்பையும் கேட்டுவிட்டு, "அந்தப் பேச்சை நான் வாங்கிக்கிறேன், விடுங்க" என்பார். கத்திக்கொண்டிருந்தவர்கள் எதற்குக் கத்தினோம் என்று விழிப்பார்கள். சொத்துப் பங்குக்காக வெட்டுக்குத்து வரைக்கும் போன விறகுத்தொட்டி உமரும் தம்பி நசீருதீனும் அன்றைக்கே ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். ஊர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. சர்ச்சில் முன்பெஞ்சு அவருக்கென்றே காலியாக இருந்தது. சாருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதர்.

வாங்கியதெல்லாம் வீட்டில்தான் வெளியே வந்தது. சாயங்காலம் சட்டையைக் கழற்றியதும் மனைவி ரத்தினபாயைப் பார்த்து, உமரின் கட்டைக்குரலில், "இன்னாடா முழிச்சிகினு கீற, எம் பங்க எட்த்து வைடா!" என்று அதட்டுவார். மறுநாள், மீன்காரி கன்னியம்மா தன் மாமியாருக்கு வைத்திருந்த வசவு அத்தனையும் அதே கீச்சுக்குரலில் ரத்தினபாய் தலையில் விழும். பாவம், மனிதர் வாயைப் பொத்திப் பார்த்தார். மூக்கு வழியாகத் திட்டு வந்தது. ரத்தினபாய் போய்ச் சொன்ன இடத்திலெல்லாம் சிரித்தார்கள். "சாரா? சும்மா இருங்கக்கா, தங்கமான மனுஷன்!" வருஷங்கள் போகப்போகப் புருஷனின் சொந்தக் குரல் அவளுக்கு மறந்தே போயிற்று. வசவைக்கூடப் பொறுத்துக்கொண்டாள், அதை மட்டும் அவளால் தாங்கமுடியவில்லை.

எழுபத்து மூன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ட்ரங்குப் பெட்டியோடு ஸ்டேஷனுக்கு நடந்தாள். ஊர் பதறிவிட்டது. சமாதானம் பண்ணுகிறவர் மனைவியே போய்விட்டால் நம் வீட்டுச் சமாதானம் என்ன ஆவது? உமர் ஓடிவந்து பெட்டியைப் பிடித்தார். "யக்கா, சாருக்காவ கொஞ்சம் பொறுத்துக்கினா இன்னா?"

"நான் ஏன் பொறுக்கணும்? அவங்கவங்க பேசினதை அவங்கவங்க வாபஸ் வாங்குங்க. அப்புறம் வர்றேன்" என்றாள் ரத்தினபாய்.

அன்று தனசிங் சார் வீட்டு வாசலில் ரேஷன் கடை மாதிரி வரிசை நின்றது. "வாபஸ் வாங்கிக்கிறேன் சார்" என்று ஒவ்வொருவரும் சொல்லச்சொல்ல, அவரவர் குரல் அவரவர் தொண்டைக்குத் திரும்பியது. கேட்டைத் தாண்டுவதற்குள் உமரும் நசீருதீனும் சொத்துப் பங்கை ஆரம்பித்துவிட்டார்கள்.

சார் வெறும் வாயோடு உட்கார்ந்திருந்தார். இனி ஊர் தன்னை மதிக்குமா என்று அவருக்குப் பயமாக இருந்தது. பெட்டியோடு திரும்பி வந்த ரத்தினபாய் காபியை வைத்தாள். ஒரு மடக்குக் குடித்தவர் முகத்தைச் சுளித்தார்.

"சீனியே போடமாட்டியா? எத்தன வருசமா இதே காப்பி!"

கொஞ்சம் கரகரத்த, திருநெல்வேலி இழுவையுள்ள குரல். கல்யாணமான புதிதில் கேட்டது. ரத்தினபாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "இத்தனை வருஷமா வாயத் திறந்து கேட்டீங்களா?" என்று சந்தோஷமாகக் கத்தினாள்.

கன்னியம்மா ஓடிவந்து கேட்டில் நின்றாள். "சார், வூட்ல மறுபடியும் ரகளை. வந்து வாங்கிக்க சார்."

"நாளைக்கு வா தாயி. இங்க எங்க சண்டையே இன்னும் முடியல" என்றார் தனசிங் சார்.

அவள் சரியென்று தலையாட்டிவிட்டு, மாமியாரிடம் தானே பேசிக்கொள்ளப் போனாள்.