பொரிக்காத எழுபது கட்லெட்

ஆனந்த்ராஜ் நல்லவன். இதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறேன், போகப் போக நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும். நாகல் நகரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். செம்புக் கம்பியை ஆயிரம் சுற்று சுற்றினாலும் எண்ணிக்கை தவறாத கை. அந்தக் கைதான் 2001-ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் அன்று, எண்ணாமல் கொள்ளாமல் கட்லெட்டை வாரி இறைத்தது.

அதற்கு முந்தின வருஷத்திலிருந்து தொடங்க வேண்டும். அவன் மனைவி சகாயசெல்வி ஆஸ்பத்திரியில் நர்ஸ். போன கிறிஸ்துமஸுக்கு மதியத்தோடு முடிய வேண்டிய டியூட்டி, ஒரு பிரசவம் சிக்கலாகி இருட்டும்வரை இழுத்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் பஞ்சம்பட்டியிலிருந்து தாய்மாமன் சேவியர் குடும்பத்தோடு வந்திருந்தார். வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் சாயங்காலக் காப்பி அவருக்குத் தங்கை வீட்டில்தான். வந்த பதினெட்டுப் பேருக்கும் ஆனந்த்ராஜ் பேக்கரியில் முட்டை பப்ஸ் வாங்கி வைத்தான். அதுவும் ஆறி அவலாய்ப் போன பப்ஸ். சேவியர் அதை விரலால்கூடத் தொடவில்லை.

"வீட்டுக்காரி இல்லாத வீட்ல என்னப்பு பண்டிக?" என்றார். "அடுத்த வருசமும் கடப் பண்டந்தான்னா, அந்தப் பிள்ளைய வேலைய விட்டு நிறுத்திப்புடணும். ஆமா, சொல்லிப்புட்டேன்."

ஆனந்த்ராஜின் அப்பா இறந்த பிறகு அந்த வீட்டில் சேவியர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. செல்வியையும் ஒருநாள் நேரில் நிறுத்தி இதையே சொன்னார். அவள் வாதாடவில்லை. "சரி பெரியப்பா" என்றாள். பெரியவர் மறந்துவிடுவார் என்று நினைத்திருக்கிறாள். அவரோ, கொடுத்த கடனை மறந்தாலும் மறப்பார், சொன்ன சொல்லை மறக்கிற ஆள் இல்லை. தீபாவளிக்கு முன்னாலேயே, "கிறிஸ்மஸுக்கு வாரோம், ஒம் மருமகளுக்கு நெனப்பிருக்கான்னு கேளு" என்று சொல்லியனுப்பிவிட்டார்.

இந்த வருஷமும் அன்றைக்கே காலை டியூட்டி விழுந்தது. மாற்றிக்கொள்ளக் கேட்டுப் பார்த்தாள், யாரும் கிடைக்கவில்லை. அவளுக்கு அந்த வேலை உயிர். ஆஸ்பத்திரிக் கதைகளைச் சொல்லும்போது அவள் முகத்தில் வருகிற வெளிச்சம் ஆனந்த்ராஜுக்குத் தெரியும். அது அணைந்துவிட்டால் வீடு எப்படி இருக்கும் என்று அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"முன்னாடியே எல்லாத்தயும் செஞ்சு வெச்சுட்டா, வந்ததும் பொரிச்சு எடுக்குறதுதான வேல?" என்று செல்வி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிட்டாள். உருளைக்கிழங்கை வேகவைத்து, ஈரம் போகத் தாம்பாளத்தில் பரப்பி ஃபேனுக்கு அடியில் ஆறப்போட்டாள். ஈரம் நின்றால் கட்லெட் எண்ணெயில் பிரிந்துவிடும். கேரட்டும் பட்டாணியும் இஞ்சியோடு வதங்கின. தெருவில் பாதி வீட்டில் மாலை போட்டிருந்தார்கள், அடுப்படிப் பக்கம் வந்து போகிறவர்களுக்குச் சங்கடம் வேண்டாமென்று முட்டையைத் தவிர்த்து மைதாக் கரைசலில் தோய்த்தாள். ரஸ்க்கை மிக்சியில் அடித்து, அந்தத் தூளில் புரட்டிப் புரட்டி எழுபது கட்லெட். வாழை இலை போட்டு அடுக்கடுக்காக ஃப்ரிட்ஜில் வைத்தாள். புதினாச் சட்னி ஒரு பாட்டிலில். அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க முறுக்கும் கேக்கும் தனியாக. ஆனந்த்ராஜ் கடையை மூடிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்து அடுப்படி துடைத்து விட்டிருந்தது.

அவன் அம்மா சவரியம்மாள் இதையெல்லாம் கட்டிலில் உட்கார்ந்து பூண்டு உரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் அடுப்படிக்குள்ள காலெடுத்து வைக்க மாட்டேன். நான் ஒத்தாசை பண்ணித்தான் ஒப்பேத்துனான்னு எங்கண்ணன் சொல்றதுக்கு எடம் வைக்கக்கூடாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். மருமகள் ஜெயிக்க வேண்டும் என்று சொல்கிறாளா, தோற்கட்டும் என்று சொல்கிறாளா என்பது ஆனந்த்ராஜுக்குப் பிடிபடவில்லை. அம்மாவைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். கல்யாணத்துக்கு முன்னால் காந்திகிராமத்தில் தங்கிப் பிரசவம் பார்க்கப் படித்தாள், ஏழு மாதத்தில் நின்றுவிட்டாள். ஏன் நின்றாள் என்று அவன் கேட்டதில்லை. அம்மாவின் பழைய கதையை எந்த மகன் கேட்டான்?

கிறிஸ்துமஸ் அன்று விடியக்காலையில் வெள்ளைச் சேலையில் கிளம்பும்போது செல்வி சொன்னாள்: "முறுக்கு டின்னும் கேக்கும் கட்டிலுக்கடியில இருக்கு. தெருவுக்கெல்லாம் தட்டு வெச்சுக் குடுத்துருங்க. மூணு மணிக்கு வந்துருவேன். மத்தத நான் பாத்துக்குறேன்."

இவ்வளவுதான். கட்லெட்டைத் தொடு என்றும் சொல்லவில்லை, தொடாதே என்றும் சொல்லவில்லை. யாராவது தொடுவார்கள் என்று அவள் நினைத்திருந்தால்தானே!

முதல் தட்டு முகமது பாரூக் வீட்டுக்கு. தெருமுனையில் எஸ்.டி.டி. பூத் வைத்திருப்பவர். எட்டு நாளைக்கு முன்னால்தான் ரம்ஜானுக்கு அவர் வீட்டிலிருந்து ஒரு தூக்கு நிறைய பிரியாணி வந்திருந்தது. அதற்குப் பதிலாக நாலு முறுக்கும் ஒரு துண்டு கேக்குமா? ஆனந்த்ராஜுக்குத் தட்டைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ஃப்ரிட்ஜைத் திறந்தான். ரஸ்க் தூள் ஒட்டிய கட்லெட்டுகள் பேக்கரிக் கண்ணாடிக்குள் இருப்பதைப் போலவே செவசெவ என்று இருந்தன. ஆகா, என் பெண்டாட்டி கை என்ன கை என்று பூரித்துப் போனான். இரண்டு எடுத்து வைத்தான். அவர் வீட்டில் ஆறு பேர் என்று ஞாபகம் வந்து மேலும் நாலு வைத்தான்.

பிறகு நிறுத்த முடியவில்லை. பொன்னழகு வீட்டில் ஏழு பேர். தீபாவளிக்கு அவர்கள் கொடுத்தனுப்பிய அதிரசம் ஞாபகத்தில் இருந்தது. சின்னக்கண்ணு வீட்டுக்கு மதுரையிலிருந்து மகள் வந்திருந்தாள். ஒவ்வொரு வாசலிலும், "எங்க வீட்ல செஞ்சது, டியூட்டிக்குப் போற நாள்லயும் விடல பாத்துக்கங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய்யும் சொந்த வீட்டு நெய், கையும் சொந்தக் கை. பத்து வீடு முடிந்து வந்து பார்த்தபோது இலையில் ஒன்பது கட்லெட் மிச்சமிருந்தது. குறைந்தால் என்ன, மூணு மணிக்கு வந்து இன்னும் கொஞ்சம் உருட்டிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டு குளிக்கப் போனான். சமைக்காத ஆம்பிளைக்கு எல்லாச் சமையலும் பத்து நிமிஷம்தான்.

ஒரு மணிக்குப் பொன்னழகு வாசலில் வந்து நின்றாள். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, கட்லெட்ட அப்படியே திங்கணுமா, பொரிச்சுத் திங்கணுமா?"

"அப்படியேதான். ஏன்?"

"மேல மாவு பச்சையா இருக்கேண்ணே. எங்க வீட்டுக்காரரு ஒரு வாய் கடிச்சுட்டு, சிஸ்டர் புது மாதிரியா ஏதோ செஞ்சிருக்காங்கன்னு முழுங்கிட்டாரு."

அவள் போன பிறகு ஆனந்த்ராஜ் ஒரு கட்லெட்டை எடுத்துக் கடித்துப் பார்த்தான். மாவு பல்லில் ஒட்டியது. எழுபதும் பொரிக்காதது. அறுபத்தோரு கட்லெட் தெருவெல்லாம் பச்சையாகப் போயிருக்கிறது. நாலு மணிக்குப் பதினெட்டுப் பேர் வரப்போகிறார்கள். மறுபடி கிழங்கு வேகவைத்து ஆறப்போட்டு உருட்ட நேரமில்லை. பேக்கரிக்கு ஓடலாம். பப்ஸ் வாங்கலாம். அதைவிடப் பேசாமல் இவனே செல்வியின் ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிடலாம்.

அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும்போதே பாரூக் வந்து எட்டிப் பார்த்தார். "தம்பி, சிஸ்டர் பூத்துக்குப் போன் பண்ணாங்க. மாத்துறதுக்கு வர வேண்டியவங்க இன்னும் வரலையாம். வீட்டுக்கு வர நாலரை ஆயிருமாம். சொல்லச் சொன்னாங்க." அவசரமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆனந்த்ராஜுக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் சொல்வதென்றால், இரண்டு சொட்டு விழவும் செய்தது.

அப்போதுதான் சவரியம்மாள் பூண்டுத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டுக் கட்டிலிலிருந்து இறங்கினாள். பெரிய எவர்சில்வர் சட்டி ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

"ஏலே, எந்திரி. அடுப்புல எண்ணெய வை. சிறுசா எரியட்டும். நான் செத்த நேரத்துல வாரேன்."

"எங்கம்மா போற?"

"குடுத்தத வாங்கத்தான்."

"கிறிஸ்மஸ் அன்னைக்குக் குடுத்துட்டுத் திருப்பிக் கேட்டா ஊரு சிரிக்காதா?"

"சிரிக்கட்டும். சிரிச்சா நமக்கு என்ன, தோலா உரியுது?"

இப்படிக் கேட்பது அந்தத் தெருவில் நடக்காத காரியம். தட்டு வந்தால் வெறும் தட்டாகத் திரும்பாது, ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் திரும்பும். கொடுத்த பண்டத்தைக் கேட்டு வாங்கினவர் யாருமில்லை. ஆனால் சவரியம்மாள் கேட்ட விதம் வேறு. ஆனந்த்ராஜ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்னக்கண்ணு வாசலில் நின்று அவள் சத்தமாகச் சொன்னாள்: "ஆத்தா, எம் மகன் கூறுகெட்டவன் பச்சையாக் குடுத்துட்டான். குடுங்க, நான் பொரிச்சு அனுப்புறேன்." வாசலுக்கு வாசல் இதே பேச்சு. மூன்றாவது வீட்டில் விஷயத்தைக் கேட்டவர்கள், "இம்புட்டும் திரும்ப வேணாம்மா, வீட்டுக்கு ரெண்டு போதும், விருந்தாளிகளுக்கு வைங்க" என்று சொல்லிவிட்டார்கள். நாலு வீட்டில் அவரவர் அடுப்பிலேயே பொரித்துத் தருகிறோம் என்றார்கள்.

மூன்றரைக்குள் நாற்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. அடுப்படிக்குள் காலெடுத்து வைக்க மாட்டேன் என்றவள் முந்தானையைச் செருகிக்கொண்டு எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றாள். ஆனந்த்ராஜ் எண்ணெய் வடிய விட்டுத் தட்டில் அடுக்கினான். சிலது பொன்னிறம், சிலது பொன்னழகு வீட்டுக் கருகல். ஒரு வீட்டுக்காரர்கள் தேங்காய் எண்ணெயில் பொரித்துவிட்டார்கள்.

சேவியர் நாலு மணிக்கு வந்தார். "ஒம் மருமக எங்க?" என்றார். "வந்துக்கிட்டே இருக்கா" என்றாள் சவரியம்மாள். கட்லெட்டும் சட்னியும் வந்தன. சேவியர் ஒன்றைக் கடித்தார், தலையை ஆட்டினார், இன்னொன்றை எடுத்தார். "முந்தாநாளே செஞ்சு வெச்சுட்டுப் போயிட்டா" என்றாள் சவரியம்மாள். ஆனந்த்ராஜுக்கு மூச்சு வந்தது. நாலரைக்குச் செல்வி வந்து செருப்பைக் கழற்றும்போது சேவியர், "வா ஆத்தா, நல்லாத்தான் பண்ணிருக்க" என்றார். செல்வி தட்டைப் பார்த்தாள், விதவிதமான நிறத்தைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

அந்த நேரம் பார்த்துத்தானா பாரூக் வர வேண்டும்? கையில் மூடிய தட்டு. "அம்மா, எங்க வீட்டுதையும் பொரிச்சாச்சு. தெருவுல மத்தவங்களோடது எல்லாம் வந்துருச்சுல்ல?"

சேவியர் கையிலிருந்த கட்லெட்டைத் தட்டில் வைத்தார். நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு இரண்டு நிமிஷம் ஆனது.

"அப்ப இத தெரு பொரிச்சுப் போட்டுருக்கு. போன வருசம் பேக்கரி, இந்த வருசம் தெரு. வீட்டுக்காரி எங்கடான்னுதான நான் கேட்டேன்? என்னாத்தா, நீதான சரின்ன?"

தப்பு என்னுடையது மாமா என்று சொல்ல ஆனந்த்ராஜ் வாயெடுத்தான். அதற்குள் சவரியம்மாள் பேசினாள். குரல் உயரவில்லை.

"அண்ணே, காந்திகிராமத்துக்கு என்னயக் கூப்பிட வந்தீங்களே, ஞாபகமிருக்கா? பொங்கலுக்கு வீட்ல ஆளில்ல, ரெண்டு நாள் வந்துட்டுப் போ தாயின்னீங்க. பெட்டியக்கூட நான் எடுத்துட்டு வரல. முப்பத்தெட்டு வருசமாச்சு. அந்தப் பொங்கல் எனக்கு இன்னும் முடியல."

சேவியர் தங்கையை ஒருதரம் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். வயசான மனுஷர், நல்ல மனுஷரும்கூட. அந்தப் பெட்டியைப் பற்றி அவர் அதற்குப் பிறகு நினைத்திருக்கவே மாட்டார் என்று ஆனந்த்ராஜுக்குத் தோன்றியது. தானும்தான் இதுவரை கேட்டதில்லை.

"ஏலே, அந்தத் தட்ட நீட்டு" என்றார் சேவியர் ஆனந்த்ராஜிடம். பாரூக் கொண்டுவந்த தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தின்றார். காப்பியையும் மிச்சமில்லாமல் குடித்தார்.

கிளம்பும்போது வாசலில் நின்று செல்வியிடம் கேட்டார்: "அடுத்த வருசம் டியூட்டி எத்தன மணிக்கும்மா?"

"இன்னும் போடலையே பெரியப்பா."

"போட்டதும் சொல்லு. அதுக்குத் தக்கன வாரோம்."

எல்லோரும் போன பிறகு செல்வி உடை மாற்றப் போனாள். சவரியம்மாள் தெருவுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஆனந்த்ராஜ் துண்டோடு பக்கத்தில் போய் நின்றான்.

"அந்தப் பெட்டில என்னம்மா இருந்துச்சு?"

சவரியம்மாள் கையை நிறுத்தி அவனைப் பார்த்தாள்.

"ரெண்டு வெள்ளச் சேலை" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டை நீட்டினாள். அவன் வாங்கித் துடைத்தான்.