அறை மாறும் விருந்தாளி

தாளில் எல்லாம் நிரப்பப்பட்டிருந்தது. குறைக்குப் பொறுப்பானவர்: ஷாஹினாஸ் மனாஸ்தர்லி. எடுத்த நடவடிக்கை: பணிநீக்கம். தலைமைப் பொறியாளரின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

தலைமைப் பொறியாளர் பஹ்கத் மனாஸ்தர்லி அந்தத் தாளை மேசையின் விளிம்புக்கு இணையாக நேர்படுத்தி வைத்தார். ஷாஹினாஸ் அவருடைய தம்பி மகள்.

"நாலு மணிக்கு லாரி கெளம்பணும், பஹ்கத் பே," என்றார் இயக்குநர் லுத்ஃபி, மரியாதைக்குரிய 'பே'யைச் சேர்த்து. "நாப்பது பெட்டியும் ஏத்தியாச்சு. தெற்க இருக்கிற சோஹாக் ஆஸ்பத்திரிக்காரங்க இந்தத் தாள் இல்லாம பெட்டியத் தொட மாட்டாங்களாம். என்ன பிசகு, யார் பண்ணது, அந்த ஆள என்ன செஞ்சீங்க, மூணும் எழுத்துல வேணுமாம்."

"பிசகு இன்னும் சரியாகலையே?"

"ஆணி அடிச்சாப்ல ஒவ்வொண்ணையும் ஒரே எடத்துல நிறுத்திட்டா வெளிய தெரியாது. உங்களுக்குத் தெரியாததா?"

பஹ்கத் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றரை.

பெட்டி என்றது நோயாளியின் கட்டிலோரம் நிற்கும் கருவியை. அதனுள் இருந்த ஒரே சிறு கணினியில் இரண்டு மென்பொருள்கள் குடியிருந்தன. ஒன்று நாடித் துடிப்பைத் திரையில் வரையும். மற்றது மருந்தைச் சொட்டுச் சொட்டாக உடம்பில் ஏற்றும். ஒன்றின் காரியத்தில் மற்றது தலையிடாதபடி இரண்டையும் தாங்கி நிற்கும் அடித்தளத்தைத்தான் அலெக்சாந்திரியாவில் இருந்த இந்த நிறுவனத்தின் மூன்றாம் மாடியில் எழுதினார்கள். அடித்தளத்தை வீட்டுக்காரன் என்பார்கள். மேலே குடியிருப்பவற்றை விருந்தாளிகள் என்பார்கள். விருந்தாளிக்கு நேரம் தெரிய வேண்டுமா, நினைவகம் வேண்டுமா, வீட்டுக்காரனை அழைத்துத்தான் கேட்க வேண்டும். அந்த அழைப்புக்கு ஹைப்பர்கால் என்று பெயர்.

ஒவ்வொரு விருந்தாளிக்கும் இரண்டு செயலிகள் சொந்தமாக இருப்பதுபோல வீட்டுக்காரன் காட்டுவான். அவை மெய்நிகர் செயலிகள். உண்மையில் கீழே இருப்பவை கோர்கள் எனப்படும் நான்கு நிஜச் செயலிகள். அவற்றின்மேல்தான் இவற்றை உட்கார வைப்பான். கேள்வி நீளமாக இருந்தால் பாதியில் நிறுத்தி, ஒரு குறிப்பு எழுதி வைத்துவிட்டு, பிறகு வந்து முடிப்பான். கேட்ட மெய்நிகர் செயலியின் பெயரில் அந்தக் குறிப்பு இருக்க வேண்டும். இங்கே அது கோரின் பெயரில் இருந்தது. காப்பிக் கடையில் பரிமாறுகிறவர் ஆளின் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டதுபோல. ஆள் எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விட்டால், அவர் கேட்ட காப்பி அடுத்து வந்து உட்கார்ந்தவர் முன்னால் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை அதுதான் நடந்தது. மருந்தேற்றும் விருந்தாளி நேரம் கேட்டது. திரையில் வரையும் விருந்தாளிக்குப் போக வேண்டிய பதில் அதன் கையில் வந்து விழுந்தது. பதினோரு விநாடி சொட்டு நின்றது. சோதனை மேசையில் குடுவைக்குள் இருந்தது மருந்தல்ல. சொட்டு கண்ணுக்குத் தெரியட்டும் என்று சோதனைக்காரர் மஹ்ரூஸ் ஊற்றி வைத்திருந்த சிவப்புக் கர்கதே, அதாவது செம்பருத்திப் பானம். ஆனால் சோஹாக்கில் குழாயின் மறுமுனையில் ஒரு மனிதக் கை இருக்கும்.

பஹ்கத் ஷாஹினாஸை அழைத்துவரச் சொன்னார். அவள் வந்து நின்றாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அலுவலகத்தில் அவள் அவரைப் பெரியப்பா என்று அழைத்ததில்லை. பஷ்மொஹந்திஸ், அதாவது பொறியாளர் ஐயா என்றுதான் அழைக்க வேண்டும். அது அவர் போட்ட கட்டளை.

"பிசகு இருக்கிற நிரல் வரியில உம்பேர் இருக்கு."

"பேர் இருக்கு, பஷ்மொஹந்திஸ். வரி என்னோடது இல்ல. மூணு வருஷத்துக்கு முன்னாடி அந்தக் கோப்புல இடைவெளியெல்லாம் ஒழுங்குபடுத்தினேன். தொட்டவங்க பேர் வரியில ஒட்டிக்கும். அவ்வளவுதான்."

"மாட்டிக்கிட்ட எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க."

"எல்லாரும் சொன்னா பொய்யாயிடுமா?"

மூலையில் மஹ்ரூஸ் இருமினார். பஹ்கத்தின் காது மடல் சிவந்தது.

"நிமிந்து நின்னு பேசற. உங்கப்பனும் இப்படித்தான். தப்பு பண்ணிட்டு நிமிந்து நிப்பான்."

"அப்பா வேற மாதிரி சொல்லுவார். நிமிந்து நிக்கிறத அண்ணன்கிட்ட கத்துக்கிட்டேன்னு."

"அப்ப யார்தான் எழுதினது? சொல்லு."

"ஏழு வருஷ வரலாறு பதிவுல இருக்கு. படிக்கிறவங்க படிக்கட்டும்." அவள் தலையைச் சாய்த்துவிட்டு வெளியே போனாள்.

தன் பெயரை ஜாமீனாக வைத்து அவளை இந்த வாசலுக்குள் கொண்டுவந்தவர் அவர். அடுத்தவர் பிள்ளை தவறினால் ஒரு தண்டனை, தன் வீட்டுப் பிள்ளை தவறினால் இரண்டு தண்டனை என்பது அவருடைய வழக்கம். பேனாவின் மூடியைத் திறந்தார். பிறகு மூடினார். பெரியப்பன் அவசரத்தில் பலி கொடுத்தான் என்று நாளை ஒரு நாக்கும் பேசக்கூடாது. முழு வரலாற்றையும் அச்செடுத்து அந்தத் தாளோடு இணைத்துவிட்டால் வழக்கு முடிந்தது.

"மஹ்ரூஸ், பழைய பதிவத் திற."

"அது பழைய சர்வர்ல கெடக்கு, பஷ்மொஹந்திஸ். அங்க போக நம்ம ரெண்டு பேருக்குத்தான் அனுமதி. எந்தப் பேயும் எட்டிப் பாக்கறதில்ல." மஹ்ரூஸ் கடவுச்சொல்லைத் தட்டிக் கொடுத்துவிட்டுத் தன் குடுவையிடம் போனார்.

பஹ்கத் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். மூன்று வருடத்துக்கு முந்தைய மாற்றம் முதலில் வந்தது. இடப்பக்கம் பழைய வரி, வலப்பக்கம் புதிய வரி. எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். முன்னால் இருந்த இடைவெளி மட்டும் நான்கிலிருந்து எட்டாகியிருந்தது. அவள் சொன்னது உண்மை. அவர் மேலும் கீழே போனார். ஏழு வருடம் பின்னால், அந்த வரி முதன்முதலாகப் பிறந்த இடத்தில், ஒரு பெயர் இருந்தது.

பஹ்கத் மனாஸ்தர்லி.

அவர் தேதியை மறுபடி பார்த்தார். பிறகு தனக்காக வாதாடிப் பார்த்தார். அன்று ஒவ்வொரு மெய்நிகர் செயலியும் ஒரே கோரில் ஆணி அடித்ததுபோல நின்றது. கோரின் பெயரில் எழுதினாலும் செயலியின் பெயரில் எழுதினாலும் ஒன்றுதான். வேகத்துக்காகக் கோரின் பெயரில் எழுதினார். போன கோடையில்தான் நிலைமை மாறியது. தெற்கத்தி வெயிலில் ஒரு கோர் சூடேறினால் அதை மூடிவிட்டு, அதில் இருப்பதை வேறு கோருக்கு மாற்றும் ஏற்பாடு வந்தது. அப்போதே இந்த வரி மாறியிருக்க வேண்டும். மாற்ற வேண்டும் என்று யாருக்குமா தோன்றவில்லை?

தோன்றியிருந்தது. இடைவெளி மாற்றத்தின் கீழேயே, பரிசீலனைக் குறிப்புகளில், ஷாஹினாஸ் எழுதியிருந்தாள்: "இது கோரின் பெயரில் இருக்கிறது. விருந்தாளி ஒரு நாள் வேறு கோருக்கு மாறினால்? மெய்நிகர் செயலி ஒவ்வொன்றுக்கும் தனி இடம் கொடுத்துவிடட்டுமா?"

அதன் கீழே பதில். "நம் வீட்டில் விருந்தாளிகள் அறை மாறுவதில்லை. இடைவெளியைத் திருத்த வந்தவர் இடைவெளியைத் திருத்தினால் போதும். ப.ம."

அந்த வாக்கியம் அவருக்கு நினைவிருந்தது. எழுதிவிட்டுத் தானே ரசித்த வாக்கியம். மதியச் சாப்பாட்டில் யாரோ அதை உரக்கப் படிக்க, ஃபூல் என்ற அவரை மசியல் வைத்த ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டே எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாளா என்று அன்று அவர் பார்க்கவில்லை.

மணி மூன்றே கால். கீழே தெருவில் சுமைதூக்கிகள் லாரிக்குக் கயிறு கட்டும் சத்தம் கேட்டது. மஹ்ரூஸ் முதுகைக் காட்டி நின்றார். ஜன்னலை மூடுவதுபோல இந்தத் திரையை மூடிவிடலாம். வேறு யாரும் இங்கே வரப்போவதில்லை. ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிறது. நிறுவனத்தின் கையேட்டில் முதல் பக்கத்தில் அவர் படம் இருக்கிறது. அவளுக்கு இருபத்தொன்பது வயது, வேறு வேலை கிடைக்காமலா போகும்? நினைத்த மாத்திரத்தில் அவருக்கு வாய் கசந்தது.

அவருடைய தந்தை துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டி. ஒரு முறை கிரேக்கக் கப்பல் ஒன்றின் விலாவைக் கரையில் உரசிவிட்டார். கப்பல் தலைவன் ஏணியில் இறங்கி வருமுன், பதிவேட்டில் தன் கையால் எழுதி முடித்திருந்தார்: தவறு என்னுடையது. பக்கத்தில் நின்ற பன்னிரண்டு வயது பஹ்கத்துக்கு அன்று மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

அவர் எழுந்து ஷாஹினாஸின் மேசைக்குப் போனார். அவள் இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

"நீ அன்னிக்குக் கேட்டிருக்க," என்றார்.

"கேட்டேன்."

"அப்பவே எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல?"

"நான் சொன்னா பழிய உங்கமேல போடறேன்னு ஆகும். எழுதி வச்சிருக்கு. நீங்களே போய்ப் படிச்சா அது வேற." அவள் நிமிரவில்லை. "படிக்க மாட்டீங்கன்னுதான் நெனச்சேன்."

அவர் தாளை எடுத்துக்கொண்டு இயக்குநரின் அறைக்கு நடந்தார். கதவைச் சாத்தவில்லை. தாளை மேசையில் வைத்து, அவள் பெயரை ஒரே கோட்டில் அடித்து, மேலே தன் பெயரை எழுதினார். நடவடிக்கை என்ற இடத்தில் இருந்ததையும் அடித்தார். கடைசியில் கையெழுத்திட்டார்.

லுத்ஃபி எட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "என்ன பே இது? தலைமைப் பொறியாளரே பண்ண பிசகுன்னு ஆஸ்பத்திரிக்கு எழுதறதா? கம்பெனிய மூடிட்டுக் கடலை விக்கப் போகலாம்!"

"நான் எழுதின வரி. அவ மூணு வருஷம் முன்னாடியே தடுக்கப் பாத்தா. நான் அவ வாய அடைச்சேன். பதிவு திறந்து கெடக்கு, வந்து படிங்க."

"சரி, உங்க வீட்டுப் பொண்ணக் காப்பாத்தணும், புரியுது. அதுக்கு வேற வழி பாப்போம்."

பஹ்கத்தின் குரல் உயரவில்லை. "லுத்ஃபி பே, எங்க வீட்டுல காப்பாத்தறதுக்காகப் பொய் சொல்ற வழக்கம் இல்ல. லாரிய இறக்கச் சொல்லுங்க."

"ஆணி அடிச்சு அனுப்பினாப் போதும்னு..."

"ஜூலை மாசம் சோஹாக்ல ஒரு கோர் சூடேறி மூடிக்கும். ஆணி அடிச்சதால அதுல இருக்கிற விருந்தாளி வேற எடத்துக்குப் போக முடியாம அங்கயே சாகும். அது மருந்தேத்தறதா இருந்தா? இறக்கச் சொல்லுங்க."

லுத்ஃபி தாளைத் தன் பக்கம் இழுத்தார். "இறக்கிட்டு? யார் சரி பண்றது, எப்ப?"

"நேத்தே பண்ணிட்டேன்," என்றாள் ஷாஹினாஸ், திறந்திருந்த வாசலில் நின்று. "அனுப்ப இன்னொருத்தர் ஒப்புதல் வேணும். என் பேர்ல வழக்கு இருந்ததால யாரும் தொடல."

பஹ்கத் அவள் மேசையிலேயே உட்கார்ந்து படித்தார். அறுபத்து நான்கு வரிகள். ஒவ்வொரு மெய்நிகர் செயலிக்கும் தன் கேள்வியையும் பாதிப் பதிலையும் வைத்துக்கொள்ளத் தனி இடம். எந்தக் கோருக்குப் போனாலும் அது கூடவே போகும். நாற்பதாவது வரியில் அவர் விரல் நின்றது.

"விருந்தாளி நடுவுல நின்னுபோனா இந்த எடத்த யார் காலி பண்றது?" கேள்வியில் பழைய மிடுக்கு கொஞ்சம் திரும்பியிருந்தது.

"அம்பத்தோராவது வரி."

அவர் கீழே போனார். ஐம்பத்தோராவது வரியில் அது இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மீதியைப் படித்து முடித்தார். ஒப்புதலுக்குக் கீழே குறிப்பு எழுதக் கட்டம் இருந்தது. அங்கே தட்டினார்: "விருந்தாளிகள் அறை மாறுவார்கள். மூன்று வருடம் முன்பு நான் எழுதியது தவறு. பஹ்கத் மனாஸ்தர்லி." முதலெழுத்துகளோடு நிறுத்தவில்லை.

மஹ்ரூஸ் மேசையில் இரண்டு பெட்டிகளை வைத்தார். ஒன்றில் பழையது, மற்றதில் புதியது. விநாடிக்கு இருநூறு முறை விருந்தாளிகளைக் கோருக்குக் கோர் மாற்றும்படி ஷாஹினாஸ் ஒரு சோதனை எழுதியிருந்தாள். இரண்டு குடுவைகளிலும் சிவப்புச் சொட்டு விழுந்தது. மூவரும் நின்று பார்த்தார்கள். நாலாவது நிமிடம் பழைய பெட்டியின் குழாய் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, விழாமல் தொங்கியது. மஹ்ரூஸ் விநாடிகளை எண்ணத் தொடங்கினார். புதிய பெட்டியில் சொட்டு விழுந்துகொண்டே இருந்தது.

பத்து நிமிடம். இருபது. அரை மணி. பஹ்கத் உட்காரவில்லை.

கீழே சுமைதூக்கிகள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே மேலே பார்த்துக் கத்தினார்கள். "ஏத்துங்கறான், இறக்குங்கறான்! மேல இருக்கறவனுங்களுக்கு மூளை இருக்கா?"

பஹ்கத் ஜன்னலிடம் போய்க் குனிந்தார். "இருக்கறது ஒருத்திக்குத்தான்," என்று சத்தமாகச் சொன்னார். "மெதுவா இறக்குங்க. நாப்பதுலயும் புதுசு ஏத்தணும்."

ஷாஹினாஸ் தன் மேசைக்குப் போய், எடுத்து வைத்திருந்த சாமான்களைத் திரும்ப இழுப்பறைக்குள் வைக்கத் தொடங்கினாள்.