அர்ச்சுனன் கையில் இருந்த காப்பு

நிலக்கரி ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் கையில் நூல்கூட இருக்கக் கூடாது. மோதிரம், கடிகாரம், சாமிக் கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மலேசியாவில், போர்டிக்சன் பக்கத்து மின் நிலையத்தில் அதைக் கவனிப்பதுதான் என் வேலை. எனக்குக் 'கத்திரிக்கோல் நிலானி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்துவிட்டுப் போகட்டும். முன்பு வேலை பார்த்த ஆலையில் ஒரு கடிகார வார் சிக்கி, ஒருவரின் கை முழங்கைவரை போனதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

அன்று காலை அர்ச்சுனனின் கையுறை ஓரத்தில் மஞ்சள் தெரிந்தது. பெல்ட்டிலிருந்து சிந்தும் கரியை அள்ளுபவர் அவர். வீடு பக்கத்து ரப்பர் தோட்டத்தில். கையுறையைக் கழற்றச் சொன்னேன். உள்ளே காப்புக் கயிறு, அதன்மேல் டேப் சுற்றி மறைத்திருந்தார். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது.

"ஞாயித்துக்கெழம தீமிதி மேடம். பொண்டாட்டிக்காக வேண்டிக்கிட்டேன். திங்கக்கெழம புஷ்பவள்ளிக்கு ஹார்ட் ஆபரேஷன். காப்பு அறுந்துட்டா தீயில எறங்க முடியாது."

அவருடைய லீவெல்லாம் மருத்துவமனைக்கே தீர்ந்திருந்தது. ஞாயிறுவரை வாசல் வேலைக்கு மாற்றலாமா என்று கண்ட்ராக்டரிடம் போனில் கெஞ்சினேன். பெல்ட்டுக்கு வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அதைக் கேட்டதும் அர்ச்சுனன் காப்பின் மேலிருந்த டேப்பை உரித்தார். பிறகு கையை நீட்டினார்.

"நீங்களே வெட்டிருங்க மேடம். நான் வெட்டுனா சாமி குத்தம், அவ தலைல விடியும். நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. ஆத்தா உங்கள ஒன்னும் செய்யமாட்டா லா."

எத்தனையோ பேருடைய கயிற்றை வெட்டியிருக்கிறேன். அன்று கத்திரிக்கோலைப் பைக்குள் திரும்ப வைத்து மறுபடி எடுத்தேன். வெட்டினேன். "தேங்க்ஸ் மேடம்" என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் அம்பாங்கானில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பும் வழியில் தோட்டத்து மாரியம்மன் கோயில் முன் காரை நிறுத்தினேன். பிறந்ததிலிருந்து இப்படியொரு கோயிலுக்குள் கால் வைத்ததில்லை. தீக்குழிக்காக வெட்டிக் குவித்திருந்த மண்ணைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன். எப்படிக் கும்பிடுவது என்று தெரியவில்லை. வெட்டினது நான்தான், அவரில்லை, கோபம் இருந்தால் என்மேல் காட்டு என்று மனசுக்குள் சொன்னேன்.

பூசாரி தட்டோடு வந்தார். "யாரு பேருக்கும்மா அர்ச்சன?"

"புஷ்பவள்ளி."

"உங்களுக்கு என்ன ஒறவு?"

அந்தப் பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை.

"என் அக்கா" என்றேன்.