பேனா யார் கையில்

"அவங்க கையிலருந்து பேனாவை நீங்க வாங்கியிருக்கக் கூடாது மேடம்..."

"அந்தம்மா கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க, நான் கையைக் கட்டிக்கிட்டு..."

"இருக்கணும். இங்க வேலையே அதான்..."

"வேடிக்கை பாக்கணுமா? நல்லா இருக்கு தம்பி. லிப்ட்ல ஒருத்தர் மாட்டிக்கிட்டா வெளியில நின்னுக்கிட்டு, 'கோளாறு என்னவா இருக்கும்னு நெனைக்கிறீங்க'ன்னா கேப்பாங்க? முதல்ல ஆளை வெளிய எடுக்கணும்."

பல்கலைக்கழக நூலகத்தின் தரைத்தளத்தில், கணித உதவி மையம் என்று பலகை மாட்டிய அறையில் நடந்த சண்டை இது. மேடம் அதன் தலைமைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன் இருபத்தொரு வருடம் லிப்ட் செய்கிற கம்பெனியில் கணக்குப் போட்டவள். கம்பி எவ்வளவு எடை தாங்கும், பெட்டி எவ்வளவு அதிரும் என்று. அங்கே கோளாறு என்று ஒருவன் வந்தால் விடையைக் கையில் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். அப்படிப் பழகின கை சும்மா இருக்குமா? தம்பி என்று அவள் கூப்பிட்டவன் எட்டு வருடமாக இங்கே சொல்லிக்கொடுப்பவன். முப்பத்திரண்டு வயதுதான். வெயில் காலத்திலும் ஸ்வெட்டரைக் கழற்றாததால் மாணவர்கள் அவனுக்கு வைத்த பெயர் தாத்தா.

"அவங்க லிப்ட்ல மாட்டல மேடம். நாளைக்கு அதை ஓட்டப் போறதே அவங்கதான்," என்றான் தாத்தா.

சண்டைக்குக் காரணமான அம்மாள் நர்ஸ் படிப்பில் இருந்தாள். நாற்பத்தொரு வயது. கடை வேலையை விட்டுவிட்டு, இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய கையோடு தானும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவள். மருந்தளவுக் கணக்குத் தேர்வில் ஒரு தப்புகூட வரக் கூடாது. புள்ளி ஓர் இடம் தள்ளிப்போனால் ஓர் உயிர். இரண்டு முறை தவறிவிட்டாள், இரண்டாவது நேற்றுத்தான். வருகிற வெள்ளிக்கிழமை மூன்றாவது முறை. அதிலும் போனால் படிப்பே போயிற்று.

தாத்தா மேசைமேல் ஒரு ஃபைலை விரித்தான். நேற்றுத் தேர்வு முடிந்து அழ வந்தவள் மறந்துவிட்டுப் போனது. தேர்வுக்கு முந்தின மூன்று நாளில் மேடம் போட்டுக்கொடுத்த ஒன்பது கணக்குகளும் தாள் கசங்காமல், தனித்தனி பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தன. என்ன அழகான படிகள், என்ன நேரான சமக்குறிகள். மேடம் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எல்லாம் தன் கையெழுத்து. அந்த அம்மாள் எழுதிய ஒரு வரி, ஓர் எண், எங்கும் இல்லை.

"மனப்பாடம் பண்ணியிருக்காங்க மேடம்," என்றான் அவன், இப்போது குரலைத் தாழ்த்தி. "பரீட்சையில எண் மாறிப்போச்சு."

அதற்குள் ஃபைலைத் தேடிக்கொண்டு அந்த அம்மாளே வாசலில் வந்து நின்றாள்.

"உக்காருங்கம்மா."

வெள்ளைத் தாள் ஒன்றை அவள் பக்கம் தள்ளிவிட்டு மேடம் கணக்கைச் சொன்னாள். ஐந்து மில்லிக் குப்பியில் இருநூற்றைம்பது மில்லிகிராம் மருந்து. நோயாளிக்கு வேண்டியது எழுபத்தைந்து மில்லிகிராம். எத்தனை மில்லி? சொல்லி முடித்ததும் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

பேனா நகர்ந்தது, நின்றது, பதினைந்து என்று எழுதியது. மேடத்தின் வலது கை வெளியே வரப் பார்த்தது; அதன்மேல் இன்னும் அழுத்தி உட்கார்ந்தாள். தாத்தா ஜன்னலுக்கு வெளியே ஏதோ முக்கியமானதைப் பார்ப்பவன்போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சரியா மேடம்?"

"ஊசியில ஏத்திப் பாருங்க. கையில இருக்கிற மாதிரி நெனைச்சுக்கோங்க."

அந்த அம்மாள் இல்லாத குப்பியை இடது கையில் பிடித்து, இல்லாத ஊசியை வலது கையால் இழுத்தாள். பாதியில் கை நின்றது.

"குப்பியிலயே அஞ்சுதான இருக்கு," என்றாள். "மிச்சம் பத்துக்கு நான் எங்க போவேன்?"

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பதினைந்தை அடித்தாள். ஒரு மில்லிக்கு ஐம்பது என்று மெல்ல முணுமுணுத்தாள். விரலை மடக்கினாள், நீட்டினாள். ஒன்றரை என்று எழுதினாள். மறுபடி ஊசியை இழுத்துப் பார்த்தாள். இப்போது கை கொஞ்சம்தான் இழுத்தது. பிறகு நிமிர்ந்து, இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னங்க இது, தலையையாவது ஆட்டக் கூடாதா ரெண்டு பேரும்?"