அம்மா குரலில் சொன்னது

அம்மாவுக்கும் எனக்கும் ஒரே குரல். போனில் அப்பாவே ஏமாந்துபோவார்.

அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். பக்கத்தில் ஒருவர் கிளட்சோடு மல்லுக்கட்டும்போது போன் எடுக்க முடியாது. அதனால் போன் என்னிடம். அழைப்பவர்கள் "மேடம்" என்பார்கள், நானும் திருத்துவதில்லை. சின்னப் பெண் என்று தெரிந்தால் வைத்துவிடுவார்கள். "பயப்படாதீங்க, என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கு" என்று அம்மா மாதிரியே சொல்லி நேரம் குறித்துக்கொள்வேன்.

இன்று மாலை அழைத்தது என் வகுப்பு டீச்சர்.

வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். வாய் முந்திக்கொண்டது. "சொல்லுங்க டீச்சர்."

"உங்க பொண்ணு மேல்படிப்புக்குக் கணக்குப்பதிவியல்னு எழுதிக் கொடுத்திருக்கா. நாளைக்குக் கடைசி நாள். அவ முகத்தைப் பாத்தா இஷ்டப்பட்டு எழுதின மாதிரி இல்ல. அவளுக்கு என்னதாங்க பிடிக்கும்?"

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. இன்று டீச்சர் கேட்டதும்கூட அம்மாவிடம்தான், என்னிடம் இல்லை.

வீட்டில் நான் 'பொறுப்பான பொண்ணு'. தம்பிக்கு வீட்டுப்பாடம், அப்பாவுக்கு மாத்திரை, அம்மாவுக்குப் போன். கணக்குப்பதிவியல் படித்துவிட்டு அம்மாவின் கார் பயிற்சிப் பள்ளியைப் பார்த்துக்கொள்வேன் என்பது அப்பாவின் முடிவு. நான் தலையாட்டி வைத்திருந்தேன்.

"மரவேலை," என்றேன், அம்மா குரலில். "ஸ்கூல் பட்டறையில ஒரு ஸ்டூல் செஞ்சா. மூணு தடவை கால் ஆடுச்சு, நாலாவது தடவை அசையாம நின்னுச்சு. அன்னைக்கு அவளுக்குச் சோறே எறங்கல, அவ்வளவு சந்தோஷம். கேட்டா சொல்ல மாட்டா டீச்சர். பொறுப்பான பொண்ணுன்னு பேர் வாங்கிட்டா இல்ல?"

டீச்சரின் குரல் இளகிவிட்டது. "இப்படிப் புரிஞ்சுக்கிற அம்மா கெடைக்கக் கொடுத்துவச்சிருக்கணும். காலையில வந்து மாத்திக் கையெழுத்துப் போட்டுடுங்க."

போனை வைத்தேன். பொய் சொன்னேனா? திரும்பத் திரும்ப யோசித்தேன். ஆள்தான் பொய். சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அப்பாவும் தம்பியும் தூங்கும்வரை காத்திருந்தேன். மணி பதினொன்றரை. அம்மா சமையலறையில் வெந்நீரில் கால்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாளெல்லாம் அடுத்தவர்களுக்காகப் பிரேக் மிதித்த கால்கள். ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன்.

அம்மா நிமிர்ந்தாள்.

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

"நல்லா புரிஞ்சுக்கிற அம்மான்னாங்க."

"அடிப்பாவி! நான் இல்லாதப்பதான் நான் நல்ல அம்மாவா?" சிரித்தாள். கண் சிரிக்கவில்லை. "என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"நீ கேக்கலம்மா."

அம்மா தண்ணீரையே பார்த்தாள்.

"அப்பா கத்துவாரு," என்றாள்.

"கத்தட்டும்."

நானா சொன்னேன்? ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"சரி, போய்ப் படு. காலையில பேசிக்கலாம்."

"காலையில கையெழுத்துப் போடணும்மா. இப்பவே பேசுவோம்."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள், புதிதாக வகுப்புக்கு வந்த ஆளைப் பார்ப்பதுபோல. பிறகு கால்களைத் துடைத்துக்கொண்டு, எதிரில் இருந்த நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.

"உக்காரு. எத்தனை வருஷப் படிப்பு, என்னென்ன சொல்லித்தருவாங்க? மொதல்லேருந்து சொல்லு."