அகர வரிசை

அக்கா இயக்கியது ஒரே படம். அதுவும் மூன்றே நாளில் கொட்டகையை விட்டு இறங்கியது. முதல் காட்சிக்குப் போக அஞ்சி, பத்து வயதுத் தம்பியை அனுப்பியிருந்தாள். திரும்பி வந்தவன், ஒன்றும் புரியவில்லை, எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன் என்றான். அன்று வாய்மூடியவள் மருந்துக்கடையே கதியென்று முப்பத்தெட்டு ஆண்டுகளைக் கழித்துவிட்டாள்.

தம்பி இன்று படச்சுருள் காப்பகத்தில் பணிபுரிகிறான். ஒரு முற்பகலில் எட்டுத் தகர டப்பாக்கள் அவன் மேசைக்கு வந்தன. மூடிகளில் அக்காவின் முத்தான கையெழுத்தைக் கண்டதும், அவள் மடியில் படுத்துப் பாசுரம் கேட்ட மாலைகள் நினைவில் மணந்தன. பழந்தமிழில் ஊறிய அவள் சுருள்களுக்கும் தமிழ் எண்களையே இட்டிருந்தாள். ஒன்று ககரம்போல், இரண்டு உகரம்போல், எட்டு அகரம்போல் இருந்தன. அவற்றின் பக்கத்தில் படம் ஓட்டியவர் சிவப்பு மசியில் தம் வரிசையைக் குறித்திருந்தார். அகரத்துக்கு முதலிடம், ககரத்துக்கு நான்காமிடம்.

எண்ணை எழுத்தென்று கொண்டு, முடிவை முதலில் ஓட்டியிருக்கிறார் மனிதர்!

தம்பி முறைப்படி அடுக்கி ஓட்டிப் பார்த்தான். ஒருத்தி அந்திதோறும் விளக்கின்முன் ஒரு மந்திரம் சொல்கிறாள். நாளுக்கொரு சொல் நழுவுகிறது. அவசரமே இல்லை. ஏழாம் சுருளில் உதடு மட்டும் அசைகிறது. எட்டாம் சுருளில், நழுவிய சொற்களையெல்லாம் இருளிலிருந்து வேறொரு குரல் சொல்கிறது. பட்டப்பகலில் அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அக்காவைத் தொலைபேசியில் அழைத்து, படம் கிடைத்ததைச் சொன்னான்.

"அந்தப் பொணத்தை ஏன்டா தோண்டுறே? அன்னிக்குச் சிரிச்சது போதாதா?"

"அக்கா, அன்னிக்கு நான் பார்த்தது உன் படமே இல்ல."

நடந்ததை அவன் விளக்கினான். கேட்ட அக்கா, ஓட்டியவனைத் திட்டுவதா, எண் போட்ட தன் கையை ஒடிப்பதா என்று முணுமுணுத்தாள். கடையைப் பூட்டிவிட்டு வந்தாள்.

சிறிய திரையறையில் இருவரும் அமர்ந்தார்கள். அக்குரல் எழுந்தபோது, இரண்டாம் முறை பார்க்கும் தம்பி அவள் கையைப் பற்றிக்கொண்டான். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ கண்ணைச் சுருக்கித் திரையையே பார்த்திருந்தாள்.

"குரலுக்கு முன்னாடி இன்னும் நாலு நொடி இருட்டு விட்டிருக்கணும்டா," என்றாள். "ஆறாம் சுருள்லயும் ஒண்ணு இடிக்குது, திரும்பப் போடு."

சொல்லிவிட்டு, நாற்காலியைத் திரைக்கருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.