நாலாக வெட்டிய நாவல்

குறிகட்டுவானில் இருந்து நெடுந்தீவுக்குப் போகிற காலைப் படகில் புத்தகங்களைப் பற்றிக் கதைப்பதென்றால் கத்தித்தான் கதைக்க வேண்டும். இயந்திரச் சத்தம் அப்படி. அதனால் எங்கள் வாசகர் வட்டத்தின் அபிப்பிராயங்கள் படகு முழுவதற்கும் சொந்தம். முன்பொருமுறை துப்பறியும் கதை ஒன்றில் கொலைகாரன் யார் என்று நான் கத்திவிட்டேன். அந்தப் புத்தகத்தை இரவல் வாங்க இருந்த ஒருவர் இன்றைக்கும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

வட்டம் என்று பெரிதாகச் சொல்லிவிட்டேன். நாங்கள் நாலு பேர்தான். வேலை நெடுந்தீவில், வீடு கடலுக்கு இந்தப் பக்கம். நான் கோசலா, கணித ரீச்சர். நிலக்சனா பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறாள். எங்களில் சின்னவள், விண்வெளிக் கதை என்றால் சோறு தண்ணி வேண்டாம். ஊர்காவற்றுறையில் இருந்து வரும் அன்ரனிதாஸ் அண்ணை ஆஸ்பத்திரியில் தாதி உத்தியோகத்தர். அவருக்குப் பிடிக்காத புத்தகம் இன்னும் அச்சாகவில்லை. எதைக் கொடுத்தாலும் "அருமை" என்பார். நாலாவது ஆள் இராசேஸ்வரி அக்கா. தபால் கந்தோரில் வேலை. கணவர் இல்லை. புங்குடுதீவில் ஒரு பெரிய வீட்டில், ஒரு பசுமாட்டோடு தனியாக இருக்கிறார்.

கொழும்புப் புத்தகக் கண்காட்சிக்குப் போன நிலக்சனா ஒரு விஞ்ஞானப் புனைகதை வாங்கி வந்தாள். செங்கல் மாதிரித் தடிப்பு, ஒரே ஒரு பிரதி. ஒருவர் முடித்து மற்றவருக்குக் கொடுப்பதென்றால் அடுத்த தைப்பொங்கல் வந்துவிடும். அன்ரனிதாஸ் அண்ணை அதற்கு வைத்தியம் பார்த்தார். கூரிய கத்தியால் புத்தகத்தை நாலாக வெட்டி, ஒவ்வொரு பகுதியையும் காயம் தைக்கிற நூலால் தைத்துக்கொண்டு வந்தார். நிலக்சனாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு பகுதி, வாரம் முடிய மாற்றிக்கொள்வது, இனி வருவதை மற்றவருக்குச் சொல்லக்கூடாது என்பது ஏற்பாடு.

இப்படி ஒரு விசர் வேலையை நாங்கள்தான் செய்வோம். எனக்குக் கிடைத்தது மூன்றாம் பகுதி. எடுத்த எடுப்பில் விண்கலத்துக்குள் ஆளை ஆள் அடித்துக்கொள்கிறார்கள். யார், எவர் ஒன்றும் தெரியாது.

"இந்தக் கலத்தின்ர தலைவன் சுத்தக் கள்ளன்!" என்று நான் கத்தினேன்.

"ரீச்சர், அவர் தெய்வம் மாதிரி மனுசன்!" என்று இரண்டாம் பகுதியை வைத்திருந்த நிலக்சனா கத்தினாள்.

கடைசிப் பகுதியை வைத்திருந்த அன்ரனிதாஸ் அண்ணை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. "அருமை" என்றுகூடச் சொல்லவில்லை. அது அதிசயம்தான்.

கதையை ஒழுங்காக முதலில் இருந்து வாசித்தவர் இராசேஸ்வரி அக்கா ஒருவர்தான். பூமியில் தண்ணீர் வற்றுகிறது. தண்ணீர் தேடி ஒரு பெண் தூரத்துக் கிரகத்துக்குப் போகிறாள். அவளுக்கு அங்கே ஒரு வருடம் போனால் இங்கே பல வருடங்கள் போய்விடும். திரும்பி வருவேன் என்று தாய்க்குச் சத்தியம் பண்ணிவிட்டுப் போகிறாள். தாய்க்கும் கலத்தில் ஓர் இடம் கொடுக்கிறார்கள். தோட்டத்தில் தக்காளி காய்க்கிற நேரம் என்று தாய் மறுத்துவிடுகிறாள்.

முதல் பகுதி என் கைக்கு வந்தபோது நான் இந்த இடத்தைப் பிடித்து வாயால் கிழி கிழி என்று கிழித்தேன். "வானத்துக்குப் போக இடம் குடுக்கினம், இவ தக்காளி எண்டு நிக்கிறா. எழுதினவருக்கு வேற காரணம் கிடைக்கேல்லையே?"

"தக்காளி எண்டால் உமக்கு இளக்காரமே?" என்று அக்கா என்னில் பாய்ந்தார். "விட்டிட்டுப் போறது லேசான காரியமே கோசலா? நீர் எந்தக் காலத்தில ஒரு செடி நட்டனீர்?"

அந்தக் கோபம் எங்கே இருந்து வந்தது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அக்காவின் ஒரே மகன் அனோஜன் கனடாவில். "வாற ஆவணிக்கு வாறன் அம்மா" என்பான். ஆவணி வரும், அவன் வரமாட்டான். இப்போது அம்மாவைத் தன்னிடம் கூப்பிட்டுக்கொள்ளப் பத்திரங்கள் எல்லாம் ஆயத்தம் செய்துவிட்டான். மாத முடிவோடு அவற்றைப் போடுகிற தவணை முடிகிறது, அதற்குள் சம்மதித்து "ஓம்" என்று சொன்னால் போதும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"எங்கட ஒழுங்கையில பின்னேரம் லைற் எரியிறது என்ர வீட்டில மட்டும்தான். நானும் போனால் என்ன செய்யிறது?" என்பார் அக்கா. பிறகு சிரித்துக்கொண்டு, "கதையில அந்தப் பிள்ளை தாயிட்ட வந்து சேருதோ பாப்பம். சேர்ந்தால் நான் ஒரு இடமும் போகேல்லை. அனோஜனும் வருவான்தானே" என்பார். பகிடி என்று நினைக்க நாங்கள் ஒன்றும் குழந்தைப் பிள்ளைகள் இல்லை.

பகுதிகள் கைமாறின. எனக்கு விஞ்ஞானப் புனைகதை பிடிக்காது. ஆனாலும் கடைசிப் பகுதியை வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பெண் திரும்பி வருகிறாள், அதே இளமையோடு. வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். யாரோ தெரியாத ஆட்கள் திறக்கிறார்கள். தாய் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம். அவள் தான் யார் என்று சொல்லவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்கிறாள், குடிக்கிறாள், போய்விடுகிறாள்.

எனக்குப் பிறகு நிலக்சனாவும் வாசித்தாள். மிச்சம் இராசேஸ்வரி அக்காதான். அவர் கையில் அந்தப் பகுதியை நிலக்சனா கொடுக்கப் போன நேரம், "நூல் கழண்டிருக்கு, தைச்சுக்கொண்டு வாறன்" என்று அன்ரனிதாஸ் அண்ணை வாங்கிக்கொண்டார். மறுநாள் வெறுங்கையோடு வந்தார். "கடலுக்குள்ள விழுந்திட்டுது அக்கா."

அக்காவின் முகம் விழுந்துபோயிற்று. "அப்ப முடிவைச் சொல்லும்!"

"வந்திட்டா அக்கா! தாய் வாசலில நிக்கிறா. ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுகினம். அருமையான முடிவு!"

படகு முழுக்கக் கேட்டது. நிலக்சனா என்னைப் பார்த்தாள். ஊருக்கெல்லாம் முடிவு சொல்கிற என் வாயில் அன்றைக்குக் கொழுக்கட்டை. உண்மையைச் சொன்னால் அக்கா போய்விடுவார். அக்கா போகக்கூடாது என்றுதான் எனக்கும் ஆசை. அவர் இல்லாத படகை என்னால் நினைக்கவே முடியவில்லை.

மாதத்தின் கடைசி நாள் அக்கா நல்ல சேலை உடுத்து வந்தார். "இண்டைக்குத்தான் கடைசி நாள். முடியாது எண்டு அவனிட்ட வாயால சொல்ல எனக்கு ஏலாது. அதுதான் போனை நிப்பாட்டி வைச்சிட்டன். நாளைக்கு அவனுக்கு விளங்கும்."

அவர் அவ்வளவு சந்தோசமாக இருந்ததைப் பார்க்கப் பார்க்க அந்தப் பொய் என்னைக் குத்தியது. பின்னேரம் கரைக்கு வந்து, அக்கா ஓட்டோவில் ஏறிப் போனதும் அன்ரனிதாஸ் அண்ணையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஊசி நோகாது எண்டு சொல்லிச் சொல்லியே உங்களுக்குப் பழகிப்போச்சு என்ன?"

"நான் போகாதேங்கோ எண்டு சொல்லேல்லையே ரீச்சர்."

"வேற என்னத்தைச் சொன்னனீங்கள்?"

அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அந்த வாசலில தண்ணி வாங்கிக் குடிக்கிற இடம் வந்ததும் எனக்கு அக்காவின்ர வீடுதான் கண்ணுக்குள்ள வந்தது. கையில குடுக்க மனம் வரேல்லை." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். அதற்கு மேல் அவரை ஏச எனக்கு மனமில்லை. அன்று இரவு நான் எத்தனையோ தரம் அக்காவுக்கு எடுத்தேன். போன் நின்றபடிதான்.

மறுநாள் சோளகக் காற்று. படகு தூக்கித் தூக்கிப் போட்டது. அன்ரனிதாஸ் அண்ணை ஒரு பொலித்தீன் பையை அக்காவின் மடியில் வைத்தார். "இது கடலுக்குள்ள விழேல்லை அக்கா. என்னட்டத்தான் கிடந்தது. நான் சொன்னது பொய்."

அக்கா அவரைப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேரே கடைசிப் பக்கங்களுக்குப் போனார். துறை தெரியத் தொடங்கியபோதுதான் நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது.

"மூண்டு பேருக்கும் தெரிஞ்சுதான் இருந்திருக்கு."

அன்ரனிதாஸ் அண்ணை தலையாட்டினார்.

"சரி. இப்ப என்ர அபிப்பிராயத்தைச் சொல்லுறன்." இயந்திரத்துக்கு மேலால் கத்தினார். "அந்தப் பிள்ளையில ஒரு பிழையும் இல்லை. சொன்னபடி வந்தது. பிழை தாயிலதான். அவவுக்கும் கலத்தில இடம் இருந்தது."

"அக்கா, தக்காளி..." என்று நான் இழுத்தேன்.

"தக்காளி அடுத்த வருசமும் காய்க்கும் கோசலா."

நெடுந்தீவு மாவிலித்துறையில் இறங்கியதும் கைப்பையில் இருந்து போனை எடுத்து உயிர்ப்பித்தார். நான் அவரின் கையைப் பிடித்தேன். "ஐயோ அக்கா, நேற்றோட மாதம் முடிஞ்சுதே!"

"இஞ்ச முடிஞ்சுது. அங்க கனடாவில அவனுக்கு இன்னும் நேற்றுத்தான்."

நிலக்சனா அழுதாள். நான் படகுக்காரர் பார்க்கிறார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். காற்றில் சேலைத் தலைப்பு பறக்க, அக்கா போனைக் காதில் அழுத்திக்கொண்டு துறையில் நின்றார்.

"தம்பி, அம்மாதான். நித்திரையோ? ... எழும்பு. எழும்பி அந்தப் பத்திரங்களைப் போடு."